அப்புசாமியின் கைக்கு வந்த குழப்பம்

கணபதிப் பகுதியில், மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அப்புசாமிக்குச் சர்க்கரை நோயில் பார்வை போய் ஒரு வருஷம் ஆகிறது. கடையில் அந்தக் குறையே தெரியாது. கையை நீட்டினால் ஸ்பேனர் வந்துவிடும். வீட்டுச் சமையலறையில் மட்டும் அதே கை திருதிருவென விழிக்கும்.

பக்கத்து வீட்டு ரித்திகா கல்லூரியில் உளவியல் படிப்பவள். ஒருநாள் அவர் மனைவி தெய்வாத்தாளின் கண்ணைத் துண்டால் கட்டி, இருவருக்கும் ஒரு சோதனை வைத்தாள். தட்டில் இருந்த சாமான்களைத் தடவிப் பார்க்கச் சொன்னாள். பிறகு கலைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கச் சொன்னாள். தெய்வாத்தாள் எல்லாவற்றையும் சரியாக வைத்தாள். அப்புசாமி கோட்டை விட்டார். இப்படி இடத்தை நினைவில் வைப்பதில் சில ஆய்வுகளில் பெண்களின் கை முந்துகிறது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை என்று ரித்திகா சொன்னதில், முதல் பாதி மட்டும் மனிதர் காதில் ஏறியது. ஆம்பளைக் கைக்கு இவ்வளவுதான் என்று முடிவுகட்டினார். அப்படியானால் கடையில் ஸ்பேனர் எடுப்பது யார் கை? யோசித்தால் தலை சுற்றியது.

அந்த நேரம் பார்த்து கோபி ஊரில் இருக்கும் மகள் புவனாவுக்குப் பிரசவம் நெருங்கியது. அவள் பயணம் செய்யக் கூடாதென்று டாக்டர் சொன்னதால் தெய்வாத்தாள்தான் போகவேண்டும்.

"உப்பு எதுன்னே உங்களுக்குத் தெரியாதுங்க. எப்படி உட்டுப்போட்டுப் போறது?"

தான் சமாளித்துக்கொள்வதாக வீறாப்பாகச் சொல்லி அனுப்பிவைத்தார். முதல் நாளே உப்பென்று சமையல் சோடாவைப் போட்டுப் பட்டினி கிடந்தார். ரோஷம் வந்துவிட்டது. டப்பாக்களை எல்லாம் இறக்கி, கடையில் அடுக்குவதுபோலத் தன் கையாலேயே அடுக்கினார். பிறகு ஒரு வேளைகூடத் தடுமாறவில்லை. ஆம்பளைக் கைக்கு எப்படித் திடீரென்று புத்தி வந்தது என்பதும் அவருக்கு விளங்கவில்லை. ஆனால் சந்தோஷம் தாங்கவில்லை.

பேரன் பிறந்து, தெய்வாத்தாள் திரும்பி வந்தாள். குழந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டே, கை போன போக்கில் டப்பாவைத் திறந்து ரசம் வைத்தாள். ரசம் இனித்தது. அப்புசாமி சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"பாக்காமயே எடுத்த கைங்க இது. இப்ப என்ர ஊட்லயே உப்பைத் தேடறனுங்க."

பழையபடி மாற்றி வைத்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தார். மாற்றினால் மறுபடி அவர் பாடு திண்டாட்டம். சொல்ல மனம் வரவில்லை. எழுந்து போய் அவள் கையைப் பிடித்து உப்பு டப்பாவின்மேல் வைத்தார்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"நீங்களே போடுங்க" என்றாள்.