புங்குடுதீவுப் பாலத்தில் நின்ற வானும் பொய் சொன்ன ஒட்சிசன் சென்சரும்

1984 ஆனி மாதம், மூன்று நாள் லீவில் நெடுந்தீவைப் பார்க்க வெளிக்கிட்டேன். ஜப்பானில் ஒன்பது மாதம் எஞ்சின் பயிற்சி எடுத்தபோது கூடப் படித்த ஒருவன், உன் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டான். தீவுகள் இருக்கின்றன என்றேன். எந்தத் தீவுக்குப் போயிருக்கிறாய் என்றான். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த நான் ஒன்றுக்கும் போனதில்லை. அந்த எரிச்சலில் போன பயணம் இது.

நீங்களும் போக நினைத்தால் முதலில் ஒன்று சொல்கிறேன். ஆனியில் போகாதீர்கள். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்றில் கடல் கொந்தளிக்கும். போதாதற்கு நயினாதீவு அம்மன் கோயில் திருவிழாவும் அப்போதுதான். எந்த வாகனத்திலும் ஏற இடம் கிடையாது. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து காலை ஆறரைக்கு பஸ். கோட்டைக்குப் பக்கத்தில் ஆமிக்காரர் எல்லோரையும் இறக்கிப் பைகளைக் கிளறினார்கள். என் பைக்குள் வோல்ட் மீற்றரும் ஸ்பானர்களும் இருந்ததால் எனக்கு மட்டும் கால் மணித்தியாலம் கூடுதலாக எடுத்தது. ஊர் பார்க்கப் போகிறவன் இவற்றை ஏன் கொண்டு போனான் என்று நீங்களும் கேட்காதீர்கள். அவை இல்லாமல் எனக்குக் கை ஓடாது. வேலணையில் இறங்கியபோது, தீவுகளுக்குப் படகு எடுக்கும் குறிகட்டுவானுக்குப் போகும் பஸ் மிதிபலகை வரை நிரம்பிப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஜப்பான் வான் நின்றது. "குறிகட்டுவான்! குறிகட்டுவான்! ஆளுக்கு அஞ்சு ரூவா!" என்று அதன் சாரதி கத்தினார். ஏறினேன். பின் சீற்றில்தான் இடம் இருந்தது.

அந்த வானின் பின்கதவு முழுதாக மூடியிருக்கவில்லை. ஒரு சாண் அளவு திறந்தபடி கயிற்றால் கட்டியிருந்தது. உள்ளே ஏதோ கெட்ட மணம். என்ன மணம் என்று கேட்டேன்.

"உது கரையிலை சாதாளை அழுகிற மணம், தம்பி. கடற்பாசிக்கு நான் என்ன செய்யிறது? அதுக்குத்தான் கதவைத் திறந்து கட்டியிருக்கு, காத்து வரட்டும் எண்டு" என்றார் சாரதி.

எனக்குப் பக்கத்தில் சிவப்புக் கரைச் சேலை கட்டிய ஓர் அக்கா. கையில் பூவும் கற்பூரமும். "தம்பி கோயிலுக்கோ?" என்றார்.

"இல்லை அக்கா, நெடுந்தீவுக்கு."

"அம்மாளின்ரை வாசலுக்குக் கிட்டப் போட்டு, இறங்கிக் கும்பிடாமல் போப்போறீரோ? பேந்து கடல் குழம்பினால் எங்களைக் குறை சொல்லாதையும்."

அதைச் சொல்லிச் சில நிமிடங்களில் அந்த அக்கா யன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சத்தி எடுத்தார். அவருக்கு முன்னால் இருந்தவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் தலை இடித்தது. "எல்லாரும் படகிலைதான் சத்தி எடுக்கிறது. அக்கா றோட்டிலையே தொடங்கீட்டா" என்று சாரதி பகிடி விட, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவே கடலைக் கிழித்துப் போகும் நீளமான பாலத்தின் நடுவில் வான் விக்கி விக்கி நின்றுவிட்டது. அலை கல்லில் அடித்து உப்புத் தண்ணீர் முகத்தில் தெறித்தது. இறங்கிப் பார்த்தேன். புகைக் குழாயின் வாய் கரிச்சட்டி மாதிரி இருந்தது. பிளக்குகளைக் கழற்றினால் நான்கும் கரி. பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது என்று சொல்ல ஜப்பானுக்குப் போய்ப் படிக்கத் தேவையில்லை. கரியைச் சுரண்டிப் பூட்டியதும் வான் ஓடியது. ஆனால் நாங்கள் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனபோது நெடுந்தீவுப் படகு போய்விட்டது. கோயிலுக்கு வந்தவர்கள் நயினாதீவுப் படகில் ஏறினார்கள். நான் துறையில் நின்று யாரைத் திட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாரதி பக்கத்தில் வந்தார். பெயர் யோகராசா, வேலணைப் பக்கத்துப் புளியங்கூடல் ஆள். வானும் அவருடையதுதான். அவரது தமையன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் வாங்கியது.

"தம்பி, உமக்கு உந்த வேலை தெரியும் போலை. இதை ஒருக்கால் வடிவாப் பாரும். பின்னேரம் மனுசியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும். ஒன்பதாம் மாதம். முதல் பிள்ளை தங்கேல்லை. இந்த முறை பிள்ளைப்பேற்று நோ துவங்க முன்னமே வந்து படுக்கச் சொன்னவை."

"வேறை கார் பிடியுங்கோவன்."

"திருவிழாவுக்கை ஆரிட்டைப் பிடிக்கிறது? பாலத்திலை நிண்டமாதிரி அவவோடை நிண்டால் நான் என்ன செய்ய ஏலும், சொல்லும்?"

அடுத்த நாள் காலை வரை எனக்குப் படகு இல்லை. போனேன்.

புளியங்கூடலில் அவர் வீட்டு முற்றத்தில் வேப்பமர நிழலில் வானை நிறுத்தினோம். எஞ்சினைத் திறந்ததும் எனக்கு ஆச்சரியம். ஜப்பான்காரன் தன் ஊர்ப் புகைச் சட்டத்துக்காகச் செய்த வகை அது. புகைக் குழாயில் ஒட்சிசன் சென்சர் இருந்தது. விரல் அளவு சாமான். அதன் ஒரு முனை குழாய்க்குள் புகையில் இருக்கும். மறுமுனை வெளிக்காற்றில் இருக்கும். இரண்டு பக்கமும் உள்ள ஒட்சிசனை ஒப்பிட்டுச் சிறு மின்னழுத்தம் தரும். பெற்றோல் கூடினால் ஒரு வோல்ட்டை நெருங்கும், குறைந்தால் பூச்சியத்தை நெருங்கும். அதைப் பார்த்து ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி பெற்றோலைக் கூட்டும் அல்லது குறைக்கும். சுகமான எஞ்சினில் மீற்றர் முள் இரண்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கே முள் பூச்சியத்தோடு ஒட்டிக் கிடந்தது. புகையோ கறுப்பு. அதாவது வண்டி பெற்றோலில் குளிக்கிறது, சென்சர் பட்டினி என்கிறது. அந்தப் பேச்சை நம்பிப் பெட்டி இன்னும் ஊற்றுகிறது. காற்றும் பெற்றோலும் கலக்கும் காபரேற்றரின் வாயைக் கையால் மறைத்துக் காற்றைக் குறைத்துப் பார்த்தேன். எஞ்சின் மூச்சுத் திணறியது. முள் அசையவில்லை.

"சென்சர் செத்துப்போச்சு. இஞ்சத்தைப் பெற்றோலிலை ஈயம் இருக்கு, அது உதைக் கொல்லும். புதுசு கொழும்பிலையும் எடுக்க ஏலாது" என்றேன். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி திலகம் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

செத்ததுதானா என்று உறுதி செய்ய ஒரு வழி உண்டு. சென்சரைக் கழற்றி முனையை நெருப்பில் பிடித்தால் உயிருள்ளது வோல்ட் காட்டும். கழற்ற வானுக்குக் கீழே படுத்தேன். அடிப்பக்கம் முழுவதும் மண்ணிறத்தில் பளபளவென்று ஏதோ தடிப்பாகப் பூசிக் காய்ந்திருந்தது. சென்சரின் வெளிமுனை மேலும் அதே பூச்சு.

"உதென்ன அண்ணை பூசியிருக்கிறியள்?"

"பழைய எஞ்சின் ஒயில்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

குசினியிலிருந்து மண்ணெண்ணெய் அடுப்பை முற்றத்துக்குக் கொண்டுவந்து சென்சரைச் சுவாலையில் பிடித்தேன். முள் அசையவில்லை. ஆனால் அரை நிமிடம் ஆவதற்குள் முற்றம் முழுக்க அந்த மணம். வானுக்குள் இருந்த அதே மணம், இப்போது பத்து மடங்கு. திலகம் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஆர் உது மீன் சுடுறது? கோயில் கொடியேறின நாளிலை இருந்து இந்த வீட்டிலை மச்சச் சட்டி அடுப்பிலை ஏறேல்லை!"

"மீன் இல்லையக்கா, சென்சர்."

"எனக்கு மீன் மணம் தெரியாதோ? இஞ்சருங்கோ, என்ன உது?"

யோகராசா வேப்பமரத்தைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். கடைசியில் சொன்னார். "சுறா எண்ணெய். ஊர்காத்துறையிலை வள்ளக்காரர் வள்ளத்துக்குப் பூசுறது. பாலத்து உப்பு இரும்பைத் தின்னுது, இதைப் பூசினால் பத்து வருசத்துக்குக் கறள் பிடியாது எண்டாங்கள்."

"சுறா எண்ணெயைப் பூசிக்கொண்டோ அம்மாளிட்டைச் சனம் ஏத்தினனீங்கள்? விரதக்காரரை?"

"அதுதானே சாதாளை எண்டு சொன்னனான்."

எனக்கு இப்போது விளங்கியது. சென்சர் சாகவில்லை. ஒப்பிட அதற்கு வெளிக்காற்று வேண்டும். வெளிக்கூட்டிலுள்ள துளைகளைச் சுறா எண்ணெய் அடைத்துவிட்டது. வெளிக்காற்றே தெரியாத சென்சர் பின்னே எதைச் சொல்லும்? எப்போதும் பூச்சியம்தான். வென்றுவிட்டேன் என்று எனக்கு ஒரே புளுகமும் சந்தோசமும். அப்போதுதான் திலகம் அக்கா இன்னொன்று சொன்னார்.

"போன கிழமை கிளினிக்குக்குப் போகேக்கையும் உந்த மணம்தான். பின் சீற்றிலை படுத்தனான். இவர் கதவைத் திறந்து கட்டினவர். பிறகு எனக்கு ஒண்டும் தெரியேல்லை, யாழ்ப்பாணம் மட்டும் ஒரே நித்திரை. எழுப்பக் கஷ்டமாப் போச்சு எண்டு இவர் சிரிச்சவர். இறங்கினாப் பிறகுதான் சத்தியும் தலையிடியும். வயித்துப்பிள்ளைக்காரிக்கு அப்பிடித்தானே எண்டு விட்டிட்டன்."

நான் எழுந்து போய் வானின் பின்கதவைத் திறந்தேன். கூரையின் உள்பக்கத் துணி முன்னால் வெள்ளை. பின் சீற்றுக்கு மேலே சாம்பல் நிறம். கதவோரம் கறுப்பு. விரலால் தொட்டேன், கரி ஒட்டியது.

ஓடும் வானின் பின்கதவு சிறிது திறந்திருந்தால் காற்று வெளியே போகாது. புகைதான் உள்ளே இழுபடும். பெற்றோல் மிஞ்சி எரியும் எஞ்சினின் புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு நிறைய இருக்கும். அதற்கு மணம் இல்லை. நித்திரை மாதிரி வந்து ஆளைக் கொண்டுபோய்விடும். மணத்தைப் போக்க இவர் கதவைத் திறந்தார். தலையிடி எல்லாவற்றுக்கும் மணத்தின் மேல் பழி போட்டார்கள். அதே கதவைத் திறந்து கட்டி, அதே சீற்றில், இன்னும் மூன்று மணித்தியாலத்தில் நிறைமாதக்காரியைப் படுக்க வைக்கப் போகிறார்.

"உங்களுக்கு விசரோ அண்ணை!" என்று கத்திவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். நான் எதையும் பூசி மெழுகிச் சொல்பவனல்ல. திலகம் அக்கா சாகலாம், பிள்ளையும் சாகலாம், காலையில் அந்தச் சீற்றில் நானும்கூடச் செத்திருக்கலாம் என்று அப்படியே சொன்னேன். திலகம் அக்கா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "இப்ப துடிக்குது, இப்ப துடிக்குது" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பிறகு வேலை. சென்சரின் வெளிக்கூட்டைப் பெற்றோலில் ஊறவைத்துத் தேய்த்தோம். துளைகளைத் தையல் ஊசியால் குத்தித் திறந்தோம். வெயிலில் நன்றாகக் காயவிட்டு மறுபடி சுவாலையில் பிடித்தபோது முள் மெல்ல மெல்ல ஏறி 0.8இல் நின்றது. நெருப்பில் தப்பித்தவறி மிஞ்சியிருந்த சுறாவும் கடைசியாக ஒரு முறை மணந்தது. பூட்டி, எஞ்சின் சூடேறிய பிறகு பார்த்தோம். முள் ஆடத் தொடங்கியது. புகை வெளுத்தது. பின்கதவை இறுக்கிச் சாத்தினேன். கயிற்றை வெட்டி எறிந்தேன்.

திலகம் அக்கா முன் சீற்றில், யன்னல்கள் எல்லாம் திறந்தபடி. நான் பின்னால். யாழ்ப்பாணம் வரை பத்து மைலுக்கு மேல். வழி முழுக்க அவர் புருசனை ஏசிக்கொண்டே வந்தார். ஏச்சு கொஞ்சம் நின்றால் நான் முன்னுக்குக் குனிந்து அவர் கண் திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஐந்து மணிக்கு முன்னர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிள்ளையின் இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லும் வரைக்கும் யோகராசா வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து நாளில் பெண் பிள்ளை பிறந்தது. இருவரும் சுகம்.

மறுநாள் காலை அவரே என்னைக் குறிகட்டுவானுக்குக் கொண்டுபோனார். துறையில், முதல் நாள் எங்களோடு வந்து கோயிலில் தங்கிய கூட்டம் திரும்பி வந்து நின்றது. சிவப்புக் கரை அக்காவும் நின்றார். நான் அவர்களைக் கூப்பிட்டு, நேற்று உங்களுக்கு வந்தது கடல் மயக்கம் இல்லை, நச்சுப் புகை, இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியிருந்தால் உயிருக்கே ஆபத்து என்று விளக்கினேன். ஒருவர் கொட்டாவி விட்டார். "அம்மாள் காப்பாத்திப்போட்டா" என்றார் அக்கா. இன்னொருவர் பொதியைத் தூக்கிக்கொண்டு வானை நோக்கி நடந்தார்.

யோகராசா தொண்டையைச் செருமினார். "அதோடை இன்னொண்டு. வானுக்கு அடியிலை பூசியிருக்கிறது சுறா எண்ணெய்."

துறையே திரும்பிப் பார்த்தது.

"என்ன! சுறாவோ? நான் பத்து நாள் விரதமடா பாவி!" அக்கா பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பைச் செருகினார். "மற்ற வானுகளுக்கும் உதுதானோ? தம்பி, எல்லாத்தையும் குனிஞ்சு பாரும்!" அங்கே நின்ற மூன்று வான்களின் சாரதிகளும் ஒரே நேரத்தில் வேறு வேலை தேடினார்கள். எல்லாவற்றின் அடியும் பளபளத்தது. ஒன்றின் பின்கதவும் கயிற்றில்தான் நின்றது. படகில் இருந்து பார்த்தபோது நான்கு சாரதிகளும் வானுக்குக் கீழே படுத்துச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நெடுந்தீவுக்கு அன்று கடலில் ஒன்றரை மணித்தியாலம். நான் வழி முழுக்கச் சத்தி எடுத்தேன். இது உண்மையான கடல் மயக்கம்தான். பவளக் கல் வேலிகள், மட்டக் குதிரைகள், கண்ணுக்கு எட்டிய வரை வெட்டை வெளி. தீவில் வாகனம் மிகக் குறைவு. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. தண்ணீர் கொண்டு போங்கள், தொப்பி போடுங்கள், கடைசிப் படகு எப்போது என்று இறங்கும்போதே கேட்டு வையுங்கள்.

வானில் போவதானால் முன் யன்னல்களைத் திறக்கச் சொல்லுங்கள், பின்கதவைச் சாத்தச் சொல்லுங்கள். தலை இடித்தால் இறங்கிவிடுங்கள். சாரதி மறுத்தால் நச்சுப் புகை பற்றி விளக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம். நான் விளக்கிப் பார்த்துவிட்டேன். அடியில் என்ன பூசியிருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேளுங்கள். விரதக்காரருக்குப் பயந்தாவது கதவு உடனே மூடும்.