டைட்டஸின் நாய்

டிப்போ ஹன்னாவின் நாய் இல்லை. அதனால்தான் அவளுக்கு அவ்வளவு கஷ்டமாகிப் போனது.

அது அவள் தம்பி டைட்டஸின் நாய். டைட்டஸ் ஆந்திர அரசு பஸ் கம்பெனியான ஆர்.டி.சி.யில் டிரைவர், சித்தூர் - திருப்பதி பஸ்ஸை வருஷக்கணக்கில் ஓட்டியவன். ஒரு மழைநாளில் பஸ் டிப்போவின் டயர் ஷெட்டில் கிடந்த குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தான். பேர் வைக்கக்கூட யோசிக்கவில்லை. கிடைத்த இடத்தின் பேரையே வைத்துவிட்டான். செவலை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். நாயை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று ஹன்னா கொஞ்ச நாள் சண்டை போட்டாள். பிறகு தன் பழைய சேலையை மடித்து அதற்குப் படுக்கை போட்டதும் அவள்தான்.

அக்காவும் தம்பியும் மட்டுமே இருக்கிற வீடு. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது டைட்டஸ் பள்ளிக்கூடத்தில் இருந்தான். ஹன்னா மாம்பழக்கூழ் கம்பெனியில் பழம் பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்து அவனைப் படிக்க வைத்தாள். தம்பி தலையெடுக்கட்டும் என்று வந்த வரன்களைத் தள்ளிப்போட்டாள். அவன் தலையெடுத்தபோது வரன் வருவது நின்றிருந்தது. அக்காவுக்கு ஆகாமல் தனக்கு வேண்டாம் என்று அவனும் இருந்துவிட்டான். சபையில் இதைப்பற்றி ஆளுக்கொன்று பேசினார்கள். அவர்கள் இருவரும் அதைப் பேசிக்கொண்டதே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் டைட்டஸுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய், ஒரே ஒரு சொல் மட்டும் வாயில் தங்கியது: ‘ரைட்.’ கண்டக்டர் சொல்லிச் சொல்லிக் காதில் ஊறிய சொல். பசித்தாலும் ரைட், வலித்தாலும் ரைட், கோபம் வந்தாலும் ரைட். குரலை வைத்து ஹன்னா புரிந்துகொள்வாள். பல நேரம் புரிந்த மாதிரி நடந்துகொள்வாள்.

டிப்போவுக்கு அந்தத் தொல்லை இல்லை. கட்டிலோரமே கதியென்று கிடக்கும். டைட்டஸின் உணர்வற்ற கை கட்டிலுக்கு வெளியே தொங்கினால், கீழே போய்த் தலையைக் கொடுக்கும். ஹன்னா வேலைக்குப் போனால், மதியம் பக்கத்து வீட்டுக் கன்னிகா வந்து சோறூட்டுகிற நேரம் தவிர, அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

மாம்பழ சீசன் தொடங்குமுன் டிப்போ முன்னங்காலை நொண்ட ஆரம்பித்தது. முள் ஏதாவது இருக்கும் என்று பார்த்தார்கள். மூட்டுக்கு மேலே கட்டியாக வீங்கியிருந்தது. தொட்டால் கடிக்க வந்தது. சித்தூரில் கால்நடை டாக்டர் ஜெபகுமார் இவர்கள் சபைக்காரர். மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டு, திருப்பதிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

ஹன்னா ஒரு வேன் வைத்துக்கொண்டு போனாள். அவள் மடியில் தலை வைத்துக் கிடந்த நாய், சந்திரகிரி தாண்டும்போது பஸ் ஹாரன் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் ரேகா என்ற டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டி, தெலுங்கில் பொறுமையாகச் சொன்னாள். எலும்பில் புற்றுநோய். நுரையீரலுக்கும் போய்விட்டது. காலை எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. ஹன்னாவுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு; அன்றைக்கு ஒவ்வொரு சொல்லையும் திரும்பக் கேட்டாள்.

“இந்த வலி மனுஷங்களுக்கே தாங்காதும்மா. தூங்க வெச்சு அனுப்பிடலாம். அதுக்குத் தெரியாது. இன்னைக்கே பண்ணணும்னாலும் பண்ணலாம்.”

ஹன்னா நாயைப் பார்த்தாள். சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள். வீட்டுக்குப் போனதும் டைட்டஸ் வாசலைப் பார்ப்பானே என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

“இது என் நாய் இல்ல மேடம்,” என்றாள்.

வலி மாத்திரைகளோடு திரும்பி வந்தார்கள். கட்டிலருகே போனதும் டிப்போ வாலை ஆட்டியது. டைட்டஸ் சிரித்தான். எக்ஸ்ரே படத்தை ஹன்னா அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

சீசன் வந்தது. பழம் வந்து குவிந்தது. ஹன்னா இப்போது சூப்பர்வைசர்; நின்ற கால் நின்றபடி வேலை. அழுகிய பழத்தைப் பார்த்ததும் எடுத்து வீசுகிற கை அவளுடையது. அந்தக் கையால் வீட்டுக்கு வந்து மாத்திரையைச் சோற்றில் பிசைந்து வைப்பாள். முதலில் டிப்போ தின்றது. பிறகு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. உட்கார முடியாமல் நிற்கும், நிற்க முடியாமல் விழும். முனகல் ஓயவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு டைட்டஸ் பகல் முழுக்கக் கிடந்தான்.

“ஆண்டவர் எடுத்துக்குவாரு, நீ இன்னாத்துக்குக் கொலைப்பாவம் சொமக்கற?” என்றாள் கன்னிகா.

ஹன்னாவைத் தின்றது பாவம் இல்லை. பக்கவாதம் வந்த புதிதில் ஆஸ்பத்திரியில் ஒரு சொந்தக்காரர், இப்படிக் கிடப்பதற்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்று அவன் காதுபடவே சொன்னார். டைட்டஸ் அப்போது கண்ணை மூடிக்கொண்டான். முடியாத நாய்க்கு ஊசி போட்டு அனுப்பினால், நாளைக்குத் தன்னையும் அக்கா இப்படித்தான் பார்ப்பாள் என்று நினைத்துவிடுவானோ? அவன் தூங்கும்போது காரியத்தை முடித்துவிட்டு, தானாகச் செத்துப்போனது என்று சொல்லிவிடலாமா என்றும் யோசித்தாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கட்டிலுக்குப் பக்கத்தில் போக எழுந்த டிப்போவின் கால் மளுக்கென்று முறிந்தது. அது போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது. ஹன்னா ஜெபகுமாருக்கு போன் செய்தாள். அவர் வந்து வலிக்கு ஊசி போட்டுவிட்டு, விடிந்ததும் வருவதாகச் சொல்லிப் போனார்.

ஞாயிறு காலை ஆராதனைக்கு முன்பே வந்தவர், வாசலிலேயே நின்று கேட்டார்: “டைட்டஸ் அண்ணன்கிட்ட சொல்ட்டீங்களாக்கா?”

“அவனுக்குப் பேச்சு வராதே டாக்டர்.”

“நாம பேசுனா புரியும் இல்ல. சொல்லுங்க. நான் இங்கயே நிக்கறேன்.”

ஹன்னா உள்ளே போனாள். அலமாரியிலிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்துவந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவனிடம் காட்டினாள். திருப்பதி டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“இனிமே பொழைக்காதுடா. நோவுல துடிச்சிக்கினு கெடக்குது. ஊசி போட்டு அனுப்பிடலாமா?”

“ரைட்,” என்றான் டைட்டஸ்.

அந்தக் குரலில் அவளால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“வாணாமா? அதுவா போவட்டுமா?”

“ரைட்.”

ஹன்னா முகத்தைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தோளில் ஒரு கை பட்டது. டைட்டஸ் இடது கையால் தரையைக் காட்டினான். மறுபடி மறுபடி காட்டினான். அவளும் ஜெபகுமாரும் சேர்ந்து அவனைத் தூக்கி, சுவரில் சாய்த்துத் தரையில் உட்கார வைத்தார்கள். அவன் டிப்போவின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். முறியாத முன்னங்காலைப் பிடித்து டாக்டர் பக்கம் நீட்டினான். நீட்டியபடியே பிடித்திருந்தான்.

முதல் ஊசியில் டிப்போ தூங்கிப்போனது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு முனகல் நின்ற வீடு எப்படி இருக்கும் என்பது ஹன்னாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது ஊசி போட்டதும் விலா அசைவது நின்றது. ஜெபகுமார் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அதற்கப்புறமும் டைட்டஸ் காலை விடவில்லை.

கன்னிகாவின் புருஷன் பின்பக்கம் குழி வெட்டினான். பாவம் என்று சொன்ன கன்னிகாதான் பழைய போர்வை ஒன்றைக் கொண்டுவந்தாள்.

மதியம் ஹன்னா தம்பியைத் துடைத்து, வேறு சட்டை மாற்றினாள். பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவளின் கையை அவன் பிடித்தான். தன் வலது கையின் முழங்கை மடிப்பில் கொண்டுபோய் அழுத்தினான். ஊசி குத்துகிற இடம். அவளையே பார்த்தான்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையை உதறினாள். அவன் பயப்படுவான் என்றுதான் இத்தனை நாள் பயந்திருந்தாள். அவன் கேட்பான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“நீயும் அதுவும் ஒண்ணாடா?” என்றாள்.

டைட்டஸ் கண்ணை எடுக்கவில்லை.

“உனக்கு எவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் கேக்கறேன். என்கூட இருடா. எனக்கு வேற யாரு கீறாங்க?”

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அதன் பிறகு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. கைகால் பயிற்சி கொடுக்க வந்தவரைத் தொட விடவில்லை. சீசன் உச்சத்தில் ஹன்னா லீவு போட்டாள். கம்பெனியிலிருந்து வந்த போனை எடுக்கவில்லை. தன் பாயைக் கட்டிலுக்குப் பக்கத்தில், டிப்போ கிடந்த இடத்தில் விரித்தாள். ஜெபகுமார் ஒருமுறை வந்து வெகுநேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

ஒரு காலையில் கேழ்வரகுக் கஞ்சியை வாயருகே கொண்டுபோனபோது டைட்டஸ் பாதி குடித்தான். பசியா, அக்கா மேல் பரிதாபமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. மீதியை அவளே குடித்தாள்.

மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினாள். ஆனால் இப்போதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவாள். கதவருகே ஒரு கணம் நிற்பாள். உள்ளே அவன் இருமுவதோ கட்டில் அசைவதோ காதில் விழுந்த பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைப்பாள்.