மூன்று புள்ளிச் சட்டை

டிராம் தண்டவாளத்தை ரோட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்த வருஷம் அது. அந்தப் பள்ளத்தில் எங்கள் மூட்டை வண்டி இறங்கி, ஒரு டாக்டர் வீட்டு வெள்ளைக் கால்சட்டைகள் அத்தனையும் மண்ணில் புரண்டன. எல்லாவற்றையும் மறுபடி வெளுத்தோம். அதனால் அந்த வருஷம் மறக்காது. ரப்பர் விலை விழுந்து சனங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியதும் அதையொட்டித்தான்.

நாங்கள் பினாங்கு சலவைத்துறை ஆட்கள். எங்களுக்கென்று ஒரு பந்தாட்டக் கிளப் இருந்தது. லீக்கில் வருஷா வருஷம் கடைசி இடம். ஆனால் மைதானத்தில் எங்கள் சட்டைதான் வெளுப்பு, அதை யாரும் மறுக்க முடியாது. அந்தக் கப்பலில் ஐந்து ஆட்டக்காரர்கள் போய்விட்டார்கள். ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர், மாட்டு வண்டிக்காரர் என்று கெஞ்சிப் பிடித்ததில் பத்துப் பேர் சேர்ந்தார்கள். அப்போது லீக்கிலிருந்து கடுதாசி வந்தது. முதல் ஆட்டத்தில் பெயர் கொடுத்த பதினோரு பேரும் ஆரம்பம் முதல் கடைசி வரை நிற்கவேண்டும், நடுவில் ஆள் மாற்றக்கூடாது, இல்லையென்றால் கிளப்பின் பெயரை எடுத்துவிடுவார்கள்.

இஸ்திரி போடும் அண்ணன்தான் எங்கள் கேப்டன். “இன்னும் ஒரு ஆளு வேணும். அதுவும் கோல் அடிக்கிற ஆளா வேணும்” என்றார்.

“நான் கண்டுபிடிக்கிறேண்ணே.”

“நீயா? ஆட்டம் நடக்கையில மரத்தடியில தூங்குறவன் நீ.”

“ஆட்டத்த எதுக்குப் பாக்கணும்? சட்டையப் பாத்தா போதாதா?”

நான் சொன்னதில் விஷயம் இருந்தது. மற்றக் கிளப்புகளின் சட்டைகளும் எங்கள் கல்லுக்குத்தான் வரும். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் துணி மூலையில் சேங்கொட்டை மையால் போட்ட குறியைப் பார்த்தால், எந்த வீடு, எந்த ஆள் என்று சொல்லிவிடுவேன். கோல்காரனுக்கு முழங்கையில் சேறு இருக்கும். சும்மா நின்றவன் சட்டையில் வியர்வைகூட இருக்காது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிமார் கிளப் மூட்டையில் மூன்று புள்ளிக் குறி போட்ட சட்டை ஒன்று வரும். முன்னால், பின்னால், கை, காலர் எல்லாம் சேறு. மூன்று வாரம் பார்த்தேன், மூன்று வாரமும் அப்படித்தான். கேப்டன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது ஆளில்லடா, காளை. போய்க் கூட்டிட்டு வா.”

துணி கொடுக்கப் போன இடத்தில் கேட்டேன். அந்த மூன்று புள்ளிக்காரர் யாழ்ப்பாணத்து இளைஞர், கண்ணாடி போட்டவர், என்னைவிட ஒல்லி. காளை வெளியே தெரியாது போல என்று நினைத்துக்கொண்டேன்.

“எங்க கிளப்புக்கு ஆட வர்றீங்களா, ஐயா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உண்மையாத்தான் கேக்கிறியளோ? வாறன் அண்ணை. என்னை இப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லை.”

பெரிய ஆட்டக்காரருக்கு எவ்வளவு அடக்கம் என்று நான் துறை முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

எங்கள் கிளப் சட்டை ஒன்றில் அவருடைய மூன்று புள்ளிக் குறியைப் போட்டு மடித்துக் கொடுத்தேன். ஆட்டத்தன்று மழை. எங்கள் ஆட்கள் வெறுங்கால், அவர் மட்டும் காலில் சப்பாத்துப் போட்டிருந்தார். பந்து அவரிடம் வந்தது. மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். மறுபடி வந்தது, மறுபடி ஒதுங்கினார். பாதி ஆட்டத்துக்குள் எதிரிகள் நாலு கோல் போட்டுவிட்டார்கள். எங்கள் பத்துப் பேரும் சேற்றுக்குள் கிடக்க, அவர் சட்டை மட்டும் நான் மடித்துக் கொடுத்த மடிப்போடு இருந்தது.

இடைவேளையில் கேப்டன் கேட்டார். “கிராணியாரே, அங்க அவ்ளோ சேறு, இங்க ஒரு பொட்டு இல்லையே, ஏன்லா?”

“அங்கை நான் கரையிலை வாங்குப் பலகையிலை குந்தி இருக்கிறனான், அண்ணை. விளையாடவே விடமாட்டினம். ஆட்டம் முடிஞ்சா என்ரை சட்டையிலைதான் எல்லாரும் சப்பாத்துத் துடைப்பினம்.”

கேப்டன் என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம், “அப்ப இங்கயும் அதுக்கே வச்சுக்கலாம்னா, துடைக்கச் சப்பாத்து இல்லையே, நாங்க வெறுங்காலு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

அவர் போனால் பத்துப் பேர்தான், கிளப்பும் போகும். நான் சேற்றில் அவர் முன்னால் உட்கார்ந்தேன். “ஐயா, தப்பு என்னோடது. உங்களக் கேக்காம உங்க சட்டையக் கேட்டேன். ஆடத் தெரியலன்னா பரவால்ல. நில்லுங்க, போதும்.”

அவர் மறுபடி கயிற்றைக் கட்டினார். ஆனால் நிற்கவில்லை. பந்து போன பக்கமெல்லாம் ஓடினார், விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். ஒரு தடவை கேப்டன் மேலேயே விழுந்தார். ஏழு கோலில் தோற்றோம். கடைசி விசில் வரை பதினோரு பேர் நின்றார்கள், கிளப் பிழைத்தது.

சட்டையைக் கழற்றிக் கொடுக்கும்போது, “இதை வெளுக்க வேண்டாம் அண்ணை” என்றார். என் வாழ்க்கையில் அழுக்கோடு மடித்துத் திருப்பிக் கொடுத்த துணி அது ஒன்றுதான்.

அவர் பேரப்பிள்ளைகள் கோலாலம்பூரில் இருப்பதாகக் கேள்வி. இதைக் கேட்கிறவர்கள் யாராவது அவர்களைக் கண்டால் சொல்லுங்கள்: பெட்டியில் சேறு காய்ந்த பழைய சட்டை ஒன்று இருந்தால் தூக்கிப் போடவேண்டாம். மூலையில் மூன்று புள்ளி இருக்கும். அந்தச் சேறு யாரும் துடைத்ததில்லை, உங்கள் தாத்தாவே ஆடி வாங்கியது.