முசியே தெராமேனின் பிரெஞ்சு வீடு

முசியே தெராமேனை அவர் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்தே எனக்குத் தெரியும். ஹெய்தியில், பரதேர் ஊர்ச் சந்தையில் அவர் அம்மாவும் என் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் சாக்கு விரித்துக் கரி விற்றவர்கள். மயாமியில் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவர் சொல்லும் கதையில் அது காப்பி வியாபாரக் குடும்பம். வீட்டில் பியானோ இருந்தது. அம்மா கன்னியர் மடத்தில் படித்தவள், உப்புக் கேட்பதானாலும் பிரெஞ்சில்தான் கேட்பாள். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். பொய்யைத் திருத்துவது என் வேலை இல்லை. பன்றி வறுப்பதுதான் என் வேலை.

அதை நான் ஒழுங்காகச் செய்தேன். படகில் வந்து இறங்கியபோது எனக்குப் பெயர் எழுதத் தெரியாது. ஓட்டலில் கக்கூஸ் கழுவினேன். கார் டிக்கியில் அடுப்பு வைத்து வறுவல் விற்றேன். இன்றைக்கு லிட்டில் ஹெய்தியில் ‘மதாம் செஃபிரா’ என்று என் பெயர் எழுதிய பலகை தொங்குகிறது. பலகை தொங்குகிற கட்டடமும் என்னுடையது. எழுத்து கற்றுக்கொண்டது நாற்பது வயதுக்கு மேல், மாதா கோயில் வகுப்பில், எங்கள் ஊர்ப் பாஷையான க்ரெயோலில். பிரெஞ்சு எனக்கு வராது. வராததால் ஒருநாளும் என் சட்டியில் எண்ணெய் கொதிக்காமல் நின்றதில்லை.

எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் போனவர் தெராமேன் ஒருவர்தான். அங்கே பிரெஞ்சு மட்டும்தான். வாய் தவறிக் க்ரெயோல் பேசினால் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். அடுத்தவன் பேசி மாட்டுகிறவரை சுமக்க வேண்டும். சாயங்காலம் அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. சின்னத் தெராமேன் மூக்கைச் சிந்திக்கொண்டே வருவதைக் கரிச்சாக்கின் மேல் உட்கார்ந்து நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்த அடியைத்தான் பிற்பாடு அவர் கல்வி என்று சொல்லிக்கொண்டார்.

அந்தக் கல்வி அவருக்கு வாங்கிக் கொடுத்தது விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிற வேலை. வேலையை நான் குறை சொல்லவில்லை. கக்கூஸ் கழுவியவள் யார் வேலையைக் குறை சொல்ல முடியும்? ஆனால் அவர் அதைத் தூதரக உத்தியோகம் மாதிரி பார்த்தார். ஊரிலிருந்து முதல்முறை விமானம் ஏறி, காது அடைத்து, கால் வீங்கி வருகிற பெண்கள், “தம்பி, கக்கூஸ் எந்தப் பக்கம்ப்பா?” என்று கேட்டால், அவர் இடுப்பை வளைத்து, “அம்மையீர், தங்கள் தேவை யாதென அறியலாமா?” என்று பிரெஞ்சில் கேட்பார். ஒருத்தி அவரைக் குடியேற்ற அதிகாரி என்றே நினைத்துவிட்டாள். பாஸ்போர்ட்டை நீட்டினாள். மடியில் ஒளித்து வைத்திருந்த மாம்பழத்தையும் எடுத்து நீட்டி, “மவனுக்குக் கொண்டாந்தேன் அய்யா, விட்டுடுங்க” என்று கெஞ்சினாள். அன்று சாயங்காலம் என் கடையில் உட்கார்ந்து அவளே சொன்னாள்: “அந்த ஆளு பேச்சு வெள்ளைக்காரன் பேச்சு அக்கா. மூஞ்சி மட்டும் நம்ம பரதேர் மூஞ்சி.”

ஊர்ப் பாசத்துக்கு மட்டும் அவரிடம் குறைவே இல்லை. வரவேற்பறைச் சுவரில் தலையில் கூடை வைத்த சந்தைக்காரிகள் படம். மூலையில் ஒரு மர உரல், அதற்குள் பிளாஸ்டிக் பூ. யாராவது பரதேர் மாம்பழம் என்று சொன்னால் கைக்குட்டையை எடுப்பார். ஊர்ச் சங்கத்தின் திருவிழாவில் வருஷா வருஷம் அவர்தான் பேச்சாளர். “எம் தாய்நாட்டின் இளந்தென்றலே” என்று பிரெஞ்சில் ஆரம்பித்தால் கோழி ஆறிப்போகும்வரை விடமாட்டார். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குப் புரியாது. புரியாததால்தான் கை தட்டினார்கள். சந்தைக்காரி சுவரில் அழகாக இருக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் அவருடைய தாய்நாட்டுப் பற்று.

வீட்டுக்குள் க்ரெயோல் நுழையக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். கேட்டால், “எனக்கு அம்மொழி சரிவர விளங்குவதில்லை” என்பார். பரதேர் சந்தையில் பிறந்தவனுக்குக் க்ரெயோல் விளங்காதாம். மீனுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் நம்புகிறவன்தான் இதையும் நம்புவான். இந்தச் சட்டம் அவர் மனைவி அமோனீஸின் வாயைத்தான் கட்டியது. அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு ஒரு கைப்பிடி. அதை வைத்துக்கொண்டு பிள்ளை வளர்த்தாள். சனிக்கிழமைகளில் என் கடைச் சமையலறைக்கு உதவிக்கு வருவாள். அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டே வாரம் முழுக்க அடக்கியதையெல்லாம் பேசித் தீர்ப்பாள். ஆறு மணிக்கு ஏப்ரனைக் கழற்றும்போது வாயையும் கழற்றி அதனோடு மாட்டிவிட்டுப் போவாள்.

அவர்கள் மகள் ஜெர்லின் என்னிடம் ஒருமுறை சொன்னாள்: “சின்ன வயசுல எங்கம்மா ஊமைன்னு நெனச்சேன் அத்தை. உங்க கடைக்கு வந்த அன்னைக்குத்தான் அவங்க சிரிச்சுப் பேசுறதைக் கேட்டேன். வேற யாரோன்னு திரும்பிப் பார்த்தேன்.”

அந்த ஜெர்லின்தான் வில்நேரைக் காதலித்தாள். வில்நேர் ஏ.சி. ரிப்பேர் பார்க்கிறவன், சொந்தமாக வேன் வைத்திருக்கிறான், நான் ஞானஸ்நானத்தில் ஏந்திய பிள்ளை. பெற்றவர்கள் இல்லாததால் பெண் கேட்கப் போக வேண்டியவள் நான்தான். தெராமேன் சொல்லி அனுப்பினார்: பெண் கேட்பது முறைப்படி பிரெஞ்சில் நடக்க வேண்டும், இல்லையென்றால் மகள் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் நடக்க மாட்டேன். ஜெர்லினோ, “அப்பா கையைப் பிடிச்சுத்தான் நடப்பேன், இல்லேன்னா கல்யாணமே வேணாம்” என்று ஒரே பிடிவாதம். அந்த மனுஷன் மேல் அவளுக்கு எங்கிருந்து அவ்வளவு பாசம் வந்ததோ, தெரியவில்லை.

வில்நேர் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தான். ஞானத்தாயை எங்கள் பாஷையில் மரேன் என்போம். “மரேன், பிரெஞ்சுல பேசிக் குடுக்க ஒரு வக்கீல் இருக்காராம். கூட்டிட்டுப் போலாமா?”

“என் வாய்க்கு வாடகை ஆளா? இந்த வாயை வெச்சுத்தான்டா கட்டடம் வாங்கினேன்.”

“மரேன், அவர் மாட்டேன்னுட்டா?”

“நீ கோட்டு போட்டுட்டு வா. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிளம்பினோம். என் தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் ரம் பாட்டில். வில்நேர் கையில் கேக் பெட்டி, கழுத்தில் வியர்வை. தெராமேன் வீட்டுக்கு எதிர் மரத்தடியில் டோமினோ ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தோற்றவன் முகத்தில் துணிக்கிளிப் மாட்டுவதுதான் எங்கள் வழக்கம். தியேஜுஸ்த் என்கிற டாக்சிக்காரன் கன்னம், காது, மூக்கு என்று கிளிப் தொங்க உட்கார்ந்திருந்தான்.

தெராமேன் வீட்டுக் கேட்டில் அழைப்பு மணி உண்டு. நான் அதைத் தொடவில்லை. பெண் கேட்டுப் போகிறவள் திருடி மாதிரி பொத்தானை அமுக்குவதில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, “ஓனே” என்று குரல் கொடுத்தேன். மானத்தோடு வந்திருக்கிறேன் என்று அர்த்தம். உள்ளே இருக்கிறவர் “ரெஸ்பே” என்று திருப்பிச் சொல்ல வேண்டும், மரியாதையோடு வா என்று. அந்தப் பதில் வராமல் எங்கள் ஆட்கள் ஒரு வாசலையும் தாண்ட மாட்டார்கள். வெறும் அழைப்பு பிச்சைக்காரனுக்கும் கிடைக்கும்.

வலைக்கதவுக்குப் பின்னால் தெராமேன் கறுப்புக் கோட்டில் நின்றார். “நல்வரவு, அம்மையீர். தயைகூர்ந்து உள்ளே எழுந்தருளுங்கள்” என்றார்.

நான் அசையவில்லை. “ஓனே.”

“வாயில் திறந்தே இருக்கிறது, அம்மையீர்.”

“கதவு திறந்திருக்கு முசியே. வீடு தொறக்கலையே.”

மரத்தடியில் கட்டை வைக்கிற சத்தம் நின்றது. தியேஜுஸ்த் கூப்பிட்டான்: “முசியே, கிளிப்பு எனக்கு மூஞ்சியில. உங்களுக்கு நாக்குலயா?”

இன்னொருத்தன், “மதாம், வேணும்னா நாங்க ரெஸ்பே சொல்லிடறோம்” என்றான்.

“நீ சொன்னா உன் வீட்டுக்குள்ளதான்டா போகணும். அங்க உக்கார நாற்காலி இருக்கா?”

அவர்கள் சிரித்தார்கள். தெராமேன் சிரிக்கவில்லை. அப்போது மழை ஆரம்பித்தது. மயாமி மழை சொல்லிவிட்டு வருவதில்லை. என் தொப்பி நனைந்தது, கேக் பெட்டி ஊறியது. ஜன்னலில் ஜெர்லின் முகம் வெளுத்துத் தெரிந்தது. வில்நேர், “மரேன், மணி அடிச்சுடலாமே” என்று முனகினான். நான் அவன் காலை மிதித்தேன். திரும்பிப் போனால் கல்யாணம் இல்லை என்று எனக்கும் தெரியும். பதில் இல்லாமல் உள்ளே போனால் அந்த வீட்டில் அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் ஏ.சி. ரிப்பேர்க்காரனாகத்தான் நிற்பான். அமோனீஸைத்தான் இத்தனை வருஷமாகப் பார்க்கிறேனே.

மறுபடி வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. “ரெஸ்பே.” மழையையும் மீறி அது எதிர்ப்பக்கம்வரை கேட்டது. அமோனீஸ் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே புருஷனை ஒதுக்கி வலைக்கதவைத் தள்ளினாள். “ரெஸ்பே அக்கா. உள்ள வாங்க, நனையாதீங்க.”

“அமோனீஸ், இவ்வில்லத்தின் தலைவன் நானல்லவா?”

“நீங்க தலைவராவே இருங்க. வீட்டுக்காரி நானு. கேக்கு கரையுது, வழி விடுங்க.”

அவர் வழி விட்டார். உள்ளே போய் உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் பூ உரல் என் முழங்காலை இடித்தது. ரம்மை மேஜையில் வைத்து, என் பாஷையில் பெண் கேட்டேன். தெராமேன் கூரையைப் பார்த்தார். “வருந்துகிறேன். தாங்கள் கூறுவது எனக்கு விளங்கவில்லை.”

“நான் மொழிபெயர்க்கிறேன் அப்பா” என்றாள் ஜெர்லின்.

தன் கல்யாணப் பேச்சைத் தானே மொழிபெயர்த்த பெண்ணை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. வில்நேர் குடிக்க மாட்டான் என்றேன், அதைப் பிரெஞ்சில் சொன்னாள். சொந்த வேன் என்றேன், அதையும் சொன்னாள். அப்புறம் நான் நிதானமாகச் சொன்னேன்: “குடும்பத்தைப் பத்திக் கவலை வேணாம். இவன் பாட்டனும் முசியேயோட அம்மாவும் பரதேர் சந்தையில ஒரே வரிசையில கரி வித்தவங்க. நானும் அங்கதான் இருந்தேன்.”

ஜெர்லின் கொஞ்சம் தயங்கினாள். அப்பாவின் கதை அவளுக்கு மனப்பாடம். அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்லியிருப்பாள்: “வில்நேருடைய பாட்டனாரும் தங்கள் அன்னையாரும் ஒரே சந்தையில் காப்பி வாணிகம் செய்தவர்களாம்.”

தெராமேனுக்கு யார் தப்புச் செய்தாலும் பொறுக்காது. திருத்தித் திருத்தியே பழகின நாக்கு அது. சுவரில் இருந்த சந்தைக்காரிகளைப் பார்த்தார். பிறகு, “காப்பி இல்ல” என்றார். சுத்தமான பரதேர்க் க்ரெயோல். “கரி. எங்கம்மா வித்தது கரி.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. ஜெர்லின் வாயில் கையை வைத்துக்கொண்டாள். அமோனீஸ் எதுவும் நடக்காதது மாதிரி அவர் முன்னால் கேக் தட்டை வைத்து, “சாப்பிடுங்க” என்றாள், க்ரெயோலில்.

“விளங்காதுன்னீங்களே முசியே” என்றேன்.

அவர் கேக்கை வெட்டிக்கொண்டே இருந்தார், தின்னவில்லை. கடைசியில் வில்நேரைப் பார்த்து, “வேன் யாரு பேர்ல இருக்கு?” என்று கேட்டார். அதுதான் அவர் சம்மதம்.

கல்யாணத்தில் மகள் கையைப் பிடித்து நடந்தார். விருந்தில் எழுந்து, “எம் தாய்நாட்டின் இளந்தென்றலே” என்று ஆரம்பித்தார். பன்றி வறுவல் என்னுடையது, அது ஆறுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நடுவிலேயே எழுந்து கை தட்டினேன். எல்லாரும் தட்டினார்கள், பேச்சு முடிந்தது. அந்த மனுஷன் மாறிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். விமான நிலையத்தில் இன்னும் ‘அம்மையீர்’தான். வீட்டில் மட்டும் அமோனீஸ் பேசுகிற பேச்சில் அவருக்கு இடம் கிடைப்பதில்லை. இத்தனை வருஷத்து மீதி அவளிடம் இருக்கிறது.

நான் இப்போதும் அந்த வீட்டு மணியைத் தொடுவதில்லை. கேட்டில் நின்று “ஓனே” என்பேன். சில நாள் கதவுக்குப் பின்னாலிருந்து அவர் குரலே வரும், கசப்பு மருந்து விழுங்குகிறவன் மாதிரி: “ரெஸ்பே.”

“கேக்கல முசியே” என்பேன். அவர் இன்னொரு தடவை சொல்கிறவரை நான் உள்ளே காலை வைப்பதில்லை.