எருமப்பட்டிக்கு வறண்ட கிணறு பார்க்கப் போனது

கொல்லிமலைக்குப் போகும் வழியில் எருமப்பட்டியில் என்ன பார்க்கலாம் என்று இங்கே பலர் கேட்கிறீர்கள். நான் அந்த ஊருக்கு முதலில் போனது அறுபதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம். பார்க்கப் போனது தண்ணீரில்லாத ஒரு கிணற்றை. சிரிக்காதீர்கள்.

அப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில் நான் நிலவியல் வாத்தியார். எங்கள் துறைக்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில் அருளப்பன் நுழைந்தால் பேச்சு அடங்கிவிடும், பெரிய ஆராய்ச்சியாளர்களே எழுந்து நாற்காலி தருவார்கள். கிணறு வெட்ட இடம் குறித்துக் கொடுப்பவர் அவர். என் வயதுதான்; எழுதிய கட்டுரைகளோ என்னுடையதில் பாதி. வயிறு எரியாமல் என்ன செய்யும்? பாறை ஆராய்ச்சியில் கரைகண்ட ஒரு மூத்தவரிடம், இந்த ஆளிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேவிட்டேன். அருளப்பன் இடம் குறித்துக் கொடுத்துத் தண்ணீர் பொய்த்துப்போன கிணறு ஏதாவது ஒன்றுக்கு அவரோடு ஒருமுறை போய் வா என்றார். ஒவ்வொரு கோடையிலும் அந்தக் கிணறுகளைத் தேடிப் போய்ப் பார்ப்பது அருளப்பனின் வழக்கமாம்.

சேலத்திலிருந்து நாமக்கல் முப்பத்திரண்டு மைல், பஸ்ஸுக்கு ஒன்றேகால் ரூபாய். காலை ஆறு மணி வண்டியில் கிளம்பினோம். அங்கிருந்து எருமப்பட்டி இன்னும் பத்து மைல். வழியெல்லாம் கடலைக்காடு காய்ந்து கிடந்தது. கிணறு பார்க்கப் போகிறோம் என்றதும், தண்ணீர் இருந்தால் எனக்கும் ஒரு குடம் அனுப்புங்கள் என்றார் கண்டக்டர்.

கிணறு பாவாயி என்ற அம்மாளுடையது. புருசன் இல்லை, ஐந்து ஏக்கர் மானாவாரியும் ஒரு ஜோடி காளையும்தான் சொத்து. இரண்டு வருடமாக வெடி வைத்துப் பாறையை உடைத்தும் ஈரம்கூடக் காணவில்லை. மறுநாள் சந்தையில் காளைகளை விற்று மேலும் தோண்டுவதாக இருந்தார். அந்தப் பக்கத்தில் இது பெரிய நோய். யாரைக் கேட்டாலும் இன்னும் ஐந்தடி என்பார்கள். செலவழித்தது வீணாகிவிடுமே என்று குடும்பமும் இறங்கிக்கொண்டே இருக்கும். காளையை விற்றுத் தண்ணீர் கண்டால் அதை இறைப்பது யார் என்று நினைக்க நேரமிருக்காது.

அருளப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து இறங்கினார். நான் மேலே நின்று தைரியம் சொன்னேன். வெகுநேரம் சுத்தியல் சத்தம் கேட்டது. ஏறி வந்தவரின் முகம் செத்துப்போயிருந்தது.

"இன்னம் அஞ்சடி போலாங்களா, சாமி?" என்றார் பாவாயி.

"வேண்டாங்கம்மா. நான் எடம் காட்டுனதே தப்புங்க. மேல தெரிஞ்ச விரிசல் கீழ வரைக்கும் போகும்னு நம்பிட்டேன். உள்ள அதை வெள்ளைக் கல்லு அடைச்சுக் கெடக்குது, தண்ணி வர வழியே இல்லைங்க. இனி ஒரு வெடிகூட வெக்காதீங்க, மாட்டையும் விக்காதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்தடி என்று சொல்லியிருந்தால் வந்த வழியே கௌரவமாகத் திரும்பியிருக்கலாம். பாவாயி வாய்க்கு வந்தபடி ஏசினார். இதைச் சொல்லவா இத்தனை தூரம் வந்தீர்கள் என்று கேட்டார். அருளப்பன் அத்தனையையும் நின்று கேட்டுக்கொண்டார். பிறகு இருவரும் பஸ்ஸுக்கு நடந்தோம்.

பஸ் வருவதற்குள் பாவாயி வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். தெற்கு மூலையில் வேறொரு கிணறு எடுக்கலாமா, அதற்கும் அவரே இடம் காட்ட வேண்டும் என்றார்.

அருளப்பன் திகைத்துப்போனார். "மறுபடியும் தப்பாப் போச்சுன்னா என்னங்க பண்றது?"

"போனா அப்பவும் வந்து சொல்லுவீங்கல்ல, சாமி."

அந்த மூத்தவர் என்னை எதற்கு அனுப்பினார் என்று அப்போதுதான் உறைத்தது. பொறாமை போனதா என்றால், இல்லை, கூடியது. ஆனால் இந்த முறை பொறாமைப்பட்டது அவருக்குக் கிடைத்த நாற்காலிக்காக இல்லை.

தெற்கு மூலையில் தண்ணீர் சுமாராக வந்தது. காளைகள்தான் இறைத்தன.

நீங்கள் போவதானால் சித்திரையைத் தவிருங்கள், வெயில் மண்டையைப் பிளக்கும். நாமக்கல்லிலிருந்து பஸ் இப்போது நிறைய உண்டு. குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். பாவாயியின் பழைய கிணறு முள் மூடிக் கிடக்கிறது, ஓரத்தில் நிற்க வேண்டாம். அதற்குக் கொஞ்சம் கிழக்கே இன்னொரு வறண்ட கிணறு உண்டு. அது நான் குறித்துக் கொடுத்தது. கால் நடமாட்டம் இருந்தவரை கோடை தவறாமல் போய்க்கொண்டிருந்தேன்.