கண்காட்சிக்குப் போன கட்டுமரம்

கொழும்பில் பிளேன் டீ கேட்டால், அதற்குள் சர்க்கரை போட்டுத் தரமாட்டார்கள். ஒரு துண்டு கருப்பட்டியை உள்ளங்கையில் வைப்பார்கள். கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். வந்த புதிதில் நான் அதை டீயில் போட்டுக் கலக்க, கடைக்காரர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இப்போது பழகிவிட்டது. எல்லாமே இப்படிப் பழகிவிடும் என்றுதான் நம்பினேன். செங்கல்பட்டு ஹைஸ்கூலில் என்னோடு படித்தவர்களுக்கு என் கடிதங்கள் நினைவிருக்கும். வெள்ளைக்காரன் போய்விட்டான், இனி அண்டை நாடுகள் அரிசியும் ரப்பரும் கலையும் தமக்குள்ளேயே கொடுத்து வாங்கும் என்று பக்கம் பக்கமாக அளந்திருந்தேன்.

நான் குமாஸ்தாவாக இருக்கும் சரக்குக் கம்பெனிக்கு இந்திய-இலங்கை நட்புறவுக் கண்காட்சி வேலை வந்தது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை பிளாஸ்டரில் செய்திருந்தார்கள். பக்கத்தில் நிஜக் கட்டுமரம் ஒன்று இருக்கட்டுமே என்று நான்தான் வாயைத் திறந்தேன். ஊரில் மீன்பிடிக்கும் என் அண்ணன் ஏழுமலைக்கும் எழுதினேன். "கடலுக்குப் போவ எனுக்குக் கீறது அது ஒண்ணுதான்டா. சீசனுக்குள்ள திரும்பி வந்துடுமா?" என்று யாரிடமோ எழுதச் சொல்லிப் பதில் போட்டார். என் பொறுப்பு என்றேன்.

மரம் கப்பலில் வந்தது. அண்ணன் ஒரு மாத பர்மிட்டோடு ரயிலும் கப்பலுமாக வந்து, ஹாலில் அதைக் கட்டி நிறுத்தினார். நிஜம்போலத் தெரிய அதன்மேல் தண்ணீர் ஊற்றினார்கள். மறுநாள் காலை, திறப்பு விழாவுக்கு மந்திரி வர ஒரு மணி நேரம் இருக்கையில் வந்து பார்த்தால், தரையில் நாலு கட்டைகள் தனித்தனியாகக் கிடக்கின்றன! கண்காட்சி அதிகாரி பதறிப்போய், உடைந்துவிட்டதா என்று இங்கிலீஷில் கேட்டார்.

"இன்னாடா சொல்றாரு?"

"ஏன் அவுத்தேன்னு கேக்கறாரு, அண்ணா."

"இன்னா கேள்வி இது? நனைஞ்ச மரத்த கட்டியே போட்டா ஊறிப்பூடும். அவுத்துக் காயப்போட வேணாவா? இஸ்கோலுக்குப் போனா இதுகூட மறந்துபூடுமா உனுக்கு?"

அவிழ்த்துக் கட்டுவதுதான் வழக்கம் என்று அதிகாரிக்கு விளக்கினேன். கட்டு பலவீனமானது என்று அவர் புரிந்துகொண்டார். தச்சன் வந்து நாலு கட்டைகளையும் இரும்பு ஆணியால் அறைந்து வார்னிஷ் பூசினான். "இனி உடையாது" என்றார் அதிகாரி, மிகுந்த கனிவோடு. அண்ணன் பாய்ந்தார். நான், மந்திரியின் கார் சத்தம் கேட்டு, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசி நாள் மேடையில் நம் நாட்டுப் பெரியவர் ஒருவர் கோயிலையும் கட்டுமரத்தையும் மியூசியத்துக்கு அன்பளிப்பாக அறிவித்தார். அது என் அண்ணனுடையது என்று ஓடிப்போய்ச் சொன்னேன். எத்தனை பெரிய கௌரவம் என்று என் கையைக் குலுக்கினார். அண்ணனுக்குச் சந்தன மாலை போட்டார்கள். மரத்தை மீட்கும்வரை அண்ணனின் பர்மிட்டை நீட்டித்துத் தரும்படி கேட்டேன். நட்புக்கு வேறு இலாகா, பர்மிட்டுக்கு வேறு இலாகா என்றார்கள்.

கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் அண்ணன், மரத்தைக் கட்டியிருந்த கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டியிருந்தார். "மாலைய நீயே வெச்சுக்கோ. இத்தப் போட்டுக்கினு கடலுக்கா போவ முடியும்?" என்றார். ரயில் நகரும்போது, "நீ எப்படா வூட்டுக்கு வருவே?" என்று கேட்டார். போனால் திரும்ப வர எனக்கு பர்மிட் இல்லை என்பதைச் சொல்லவில்லை.

இந்த சீசனில் அவர் வேறொருவர் மரத்தில் கூலிக்குப் போகிறார். நான் ஞாயிறுதோறும் மியூசியத்துக்குப் போகிறேன். 'நட்பின் சின்னம்' என்ற தமிழ்ப் பலகை நான் எழுதிக்கொடுத்ததுதான். வார்னிஷுக்கு அடியில், கயிறு அறுத்த பழைய தடம் இன்னும் தெரிகிறது. நேற்று அதில் விரலை வைத்தேன். தொடாதே என்று காவலாளி அதட்டினார். மரம் இங்கே இருக்கிறது. கயிறு ஊரில், எங்கள் வீட்டுச் சுவரில், ஆணியில் தொங்குகிறதாம்.