ருக்மணி அம்மாவின் ரத்தமும் என் கண்டுபிடிப்பும்

முப்பது வருஷம் ரத்தம் எடுத்தவன் என்ற திமிரோடுதான் அந்த ஆய்வுக் குழுவில் சேர்ந்தேன். அல்சைமர் நோயாளிகளின் உடலில் நோய் எதிர்ப்பு மண்டலம் எவ்வளவு தூண்டப்பட்டிருக்கிறது என்பதை ரத்தத்திலுள்ள சில புரதங்களை வைத்துப் பார்க்கும் ஆய்வு. என் வேலை இரண்டுதான்: ஃபார்மிலுள்ள கேள்விகளைக் கேட்பது, பிறகு ஊசி குத்துவது. இரண்டாவதில் நான் கெட்டிக்காரன்.

ருக்மணி அம்மா சிங்கப்பூரின் புக்கிட் மேரா வட்டாரத்திலிருந்து கணவரோடு வந்தார். உட்கார்ந்ததுமே, "தம்பி, வாய்க்குள்ள எறும்பு கடிக்குது, பாருங்க" என்றார்.

"நாலு நாளா இதே பாட்டுதான் லா. நோய் அப்படிப் பேச வைக்குது" என்றார் கணவர்.

"எறும்ப விரட்டிடலாம்மா" என்று சிரித்துவைத்தேன். காய்ச்சல், பல்வலி, புண் ஏதாவது உண்டா என்று கணவரிடம் கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார். வரிசையாக 'இல்லை' என்று டிக் அடித்தேன். ஒரே குத்தில் ஆறு டியூப் நிரப்பி, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சில நாளில் லேப் முடிவு வந்தது. அழற்சியைக் காட்டும் அளவு மற்ற எல்லாரையும் விட எங்கேயோ உயரத்தில் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வுக் கட்டுரையில் என் பெயரையும் போடுவார்களா என்று யோசித்துக்கொண்டே ஆய்வை நடத்தும் டாக்டரிடம் ஓடினேன்.

அவர் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உடம்புல எங்க சீழ் பிடிச்சாலும் இது ஏறும். அல்சைமரால ஏறுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? அந்தம்மா உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

வாய்க்குள் எறும்பு கடிக்கிறது என்று அவர் சொன்னதைச் சொன்னேன். அவர்கள் வீட்டுக்குப் பேசச் சொல்லி டாக்டர் ஃபோனை என் பக்கம் தள்ளினார்.

அன்று மாலையே பல் டாக்டர் பார்த்தார். கடைவாய்ப் பல்லுக்கு அடியில் சீழ் கட்டியிருந்தது. கணவர் ஃபோனில் அழுதார். "வாய மூடுன்னு அதட்டினேன் தம்பி." நானும்தான் சிரித்தேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த ஆறு டியூப்பும் ஆய்வுக் கணக்கில் சேரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, குணமாகி மறுபடி வந்தார் ருக்மணி அம்மா. என்னை அவருக்கு நினைவில்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று. இந்த முறை அவருக்கு எதிரே உட்கார்ந்து, அவரிடமே கேட்டேன்.

"அம்மா, எங்கயாவது வலிக்குதா?"

நன்றாக யோசித்தார். "இப்ப இல்ல. நீங்க குத்துனா வலிக்கும்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: நினைவு போனவர்களுக்கு வலி போய்விடுவதில்லை. முதலில் அவர்களைக் கேளுங்கள். ஊசி பிறகு.